இமயமலையில் நிலவியல் களமுகாம்: சமவெளி மாணவர்கள் ஆயத்தமாகும் முறை

முதுகலை நிலவியல் மாணவர்களைக் கோடை விடுமுறையில் இமயமலையின் தென்சரிவுக்குக் களப்பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் பல்கலைக்கழகத் துறைகள் சிலவற்றில் உண்டு. அப்படிப் போகும் இடங்களுள் நான் நன்கு அறிந்தது, ஹரியானாவின் கால்காவில் தொடங்கி, ஹிமாச்சலப் பிரதேசத்தின் சோலன் வழியாகச் சிம்லாவுக்கு ஏறும் பாதை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் கால்காவிலிருந்து புறப்பட்டு, 2,000 மீட்டரைத் தாண்டிய சிம்லாவைச் சேர்வதற்குள், சிவாலிக் மணற்கல்லையும், இமயம் எழுவதற்கு முன் அங்கே கிடந்த கடைசிக் கடலின் சுண்ணாம்புக்கல்லையும், உயிரினங்கள் பரவலாக ஓடு கட்டத் தொடங்குவதற்கு முன்பே படிந்த க்ரோல் பாறைகளையும், இறுதியில் கார்னெட் என்ற கனிமம் பதிந்த அப்பிரகப் பாறையையும் கண்ணால் பார்த்துவிடலாம். இந்தக் கட்டுரை அந்த முகாமை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

முகாமின் முடிவில் உங்களிடம் கேட்கப்படுவது ஒரு வரைபடம், நிலத்தைச் செங்குத்தாக வெட்டினால் தெரியும் அமைப்பைக் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படம், ஒரு குறிப்பேடு, ஓர் அறிக்கை ஆகிய நான்கு. இவற்றுள் வரைபடமே மற்ற மூன்றுக்கும் அடிப்படை. அதில் உள்ள ஒவ்வொரு கோடும் பாறைக்கு முன்னால் நின்றபடி போடப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இரவில் மேசைமுன் அமர்ந்து, நினைவிலிருந்தும் பழைய வரைபடங்களைப் பார்த்தும் போட்ட கோடுகளை ஆசிரியர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். கீழே சொல்லப்படும் ஆயத்தங்களும் கருவிகளும் பழக்கங்களும் அந்தக் கோட்டைக் களத்திலேயே நம்பிக்கையோடு போடுவதற்காகத்தான்.

முதலில் காலம். தென்மேற்குப் பருவமழை ஹிமாச்சலை வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தில் எட்டுகிறது. மழை தொடங்கிவிட்டால் களிப்பாறைச் சரிவுகள் வழுக்கும், சாலையோரம் மண் சரியும், ஓடைகளைக் கடக்க முடியாது. ஆகவே மே நடுவிலிருந்து ஜூன் நடு வரையிலான நாட்களே உகந்தவை. ரயிலில் இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. கோடையில் டெல்லி செல்லும் வண்டிகளில் ஒரு குழுவுக்கே இடம் வேண்டுமென்றால் திறக்கும் நாளன்றே பதிவு செய்துவிட வேண்டும்.

நம் மாணவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. நாம் சார்னோக்கைட் என்ற, படிவு அடுக்குகள் இல்லாத கெட்டியான பாறையின் நாட்டிலிருந்து போகிறோம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் அந்தப் பாறையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அடுக்கடுக்காகப் படிந்து, மடிந்து, சில இடங்களில் தலைகீழாகவே புரண்டு கிடக்கும் படிவுப்பாறைகள் முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் பிடிபடாது. அரியலூர்ப் பகுதிக்குப் போய்வந்தவர்கள் படிவுப்பாறையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே படுகைகள், அதாவது பாறை அடுக்குகள், மெல்லச் சாய்ந்து அமைதியாகக் கிடக்கின்றன. எனவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, அருகிலுள்ள ஏதாவதொரு கல்குவாரிக்கு அனுமதி பெற்றுச் சென்று, பாறைத் தளங்களின் திசையையும் சாய்வையும் ஐம்பது முறையாவது அளந்து பழகுங்கள். அவை எந்தப் பாறையில் எடுத்த அளவுகள் என்பது முக்கியமில்லை. திசைகாட்டியைப் பாறைமேல் வைக்கும்போது கை தானாக வேலை செய்ய வேண்டும். அப்போதுதான் களத்தில் மனம் பாறையைப் பற்றி யோசிக்கும்.

படித்துப் போக வேண்டியவை அதிகமில்லை. பள்ளத்தாக்கைக் கடக்கும்போது படுகையின் கோடு எந்தப் பக்கம் வளைந்து ஆங்கில 'வி' எழுத்தாகத் தெரியும் என்ற விதியை, புத்தகத்தை மூடிவிட்டு வரைந்துகாட்டத் தெரிய வேண்டும். பகுதியின் பாறை வரிசையை ஒரே பக்கத்தில் நீங்களே வரைந்து, குறிப்பேட்டின் முதல் தாளில் ஒட்டிக்கொள்ளுங்கள். சுபாத்து, டக்ஷாய், கசௌலி என்று கீழிருந்து மேலாக வரும் பெயர்கள் எல்லாம் சோலன் மாவட்டத்தின் ராணுவக் குடியிருப்பு ஊர்கள்; ப்ளைனி என்பது ஓர் ஓடை; க்ரோல் என்பது சோலனுக்கு மேலே நிற்கும் மலை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மெட்லிகாட் 1864-இல் வெளியிட்ட ஆய்வுரையிலேயே சுபாத்து, ப்ளைனி, க்ரோல் ஆகிய பெயர்கள் வந்துவிட்டன. அவர் நடந்த அதே சரிவுகளில்தான் நீங்களும் நடக்கப் போகிறீர்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும் செய்தி.

வரைபடத் தாளுக்கு இந்திய நில அளவைத் துறையின் பொதுப்பயன்பாட்டு டோப்போஷீட்டை, அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் வரைபடத் தாளை, பயன்படுத்துங்கள். 1:50,000 அளவில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். இந்தத் தாளில் நீங்கள் இழுக்கும் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு நிலத்தில் 25 மீட்டர் அகலம் என்பதை மறக்காதீர்கள். பெரிதாக்கி நகலெடுத்துக்கொண்டால் எழுத இடம் கிடைக்கும். அதனால் தாளின் துல்லியம் கூடிவிடாது. தாளில் அச்சாகியிருக்கும் சில சொற்களுக்குப் பொருள் தெரிந்திருந்தால் நிலத்தை வாசிப்பது எளிதாகிவிடும்: 'தார்' என்றால் மலைமுகடு, 'கட்' என்றால் ஓடை, 'நாலா' அதைவிடச் சிறிய நீர்வழி. சோலன் பகுதியில் அஷ்னி கட் என்ற பெயரைப் பார்த்தால், நீர் அறுத்த பள்ளமும் அதன் இருபுறமும் வெளிப்பட்ட பாறையும் அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம் தமிழ்நாட்டில் மிகச் சிறியது என்பதால் நாம் அதைக் கண்டுகொள்ளாமலே பழகிவிட்டோம். ஹிமாச்சலில் அது ஓரிரு பாகைக்கு மேல் கிழக்கே வரும். டோப்போஷீட்டின் ஓரத்தில் இருப்பதோ அந்தத் தாள் அச்சான காலத்து மதிப்பு. புறப்படும் முன் இன்றைய மதிப்பைத் தேடியெடுத்து, குழுவிலுள்ள எல்லாத் திசைகாட்டிகளிலும் ஒரே மாதிரி திருத்திக்கொள்ளுங்கள். ஒருவர் திருத்தி மற்றவர் திருத்தாமல் விட்டால் இருவரின் அளவுகளும் ஒரே வரைபடத்தில் பொருந்தாது.

கருவிகளில் திசையோடு சாய்வையும் அளக்கும் பிரண்டன் அல்லது கிளைனோமீட்டர் திசைகாட்டி, சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கண்ணைக் காக்கும் கண்ணாடி, தலைக்கவசம், கோணமானி, 2எச் பென்சில், மழையில் கரையாத மை கொண்ட மெல்லிய பேனாக்கள், மாதிரிகளுக்குத் துணிப்பைகள், கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு ஆகியவை போதும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கட்டாயம் தேவை. ஆனால் அமிலத்தை ரயிலில் எடுத்துச் செல்லக் கூடாது. சண்டிகரிலோ சோலனிலோ வாங்கிக்கொள்ளத் துறையே ஏற்பாடு செய்ய வேண்டும். காலணி விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றே: கணுக்காலை மூடும் காலணியை முகாமுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வாங்கி, தினமும் அணிந்து நடந்து பழக்குங்கள். புதுக் காலணியுடன் வந்து இரண்டாம் நாளே குதிகால் கொப்பளித்து, மீதி முகாமை அறையில் கழித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பை எந்த ஆசிரியராலும் ஈடுசெய்து தர முடியாது.

பகல் வெயில் நம்மூர்க்காரர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. உடலில் நீர் வற்றுவது தெரியாமலே போகும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் பையில் இருக்கட்டும். பொழுது சாய்ந்ததும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். மதிய உணவு பெரும்பாலும் பராத்தாவும் ஊறுகாயும்தான்; மூன்று வாரம் சோறு இல்லாமல் முடியாது என்பவர்கள் முகாமின் சமையல்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். நாள் முழுவதும் வெட்டவெளியில் இருக்க வேண்டியிருப்பதால், மாணவிகள் எங்கே, எப்போது ஒதுங்கலாம் என்பதை ஆசிரியர் ஒவ்வொரு நாளின் வழித்திட்டத்திலும் குறித்திருக்க வேண்டும். குறிக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது ஆபத்தானது. மாதவிடாய்க்குத் தேவையானவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

இனிக் களம். முதல் பாறையின் முன் நின்றதும் உடனே சுத்தியலை எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பத்து அடி பின்னால் நின்று, முதலில் முழுப் பாறை முகத்தையும் குறிப்பேட்டில் வரையுங்கள், அளவுகோலும் திசையும் போடுங்கள், அதன்பின் நெருங்குங்கள். சுபாத்து ஊரைச் சுற்றியுள்ள சாம்பலும் பச்சையும் கலந்த களிப்பாறைக்கு நடுவே சுண்ணாம்புக்கல் பட்டைகள் வரும். அந்தப் பட்டையின் வெயிலில் காய்ந்த முகத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றித் துடைத்துவிட்டு, கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தைப் பாறைக்கு அருகே கொண்டுபோங்கள். சின்னக் காசுகளை அடுக்கிவைத்தது போல வட்டத் தகடுகள் தெரியும். குறுக்கே உடைந்தவற்றில் உள்ளே சுருள் சுருளாக அறைகள் இருக்கும். இவைதாம் நம்மூலைட் என்ற ஒற்றைச் செல் உயிரின் ஓடுகள். பெயரே லத்தீன் மொழியில் சின்னக் காசு என்பதிலிருந்து வந்தது. இயோசீன் என்ற, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் அங்கே ஆழம் குறைந்த கடல் இருந்ததற்கு நீங்கள் கையால் தொடும் சாட்சி அது. அதே பாதையில் சற்று மேலே ஏறினால் சிவப்பும் ஊதாவுமான டக்ஷாய் களிப்பாறை தொடங்கிவிடும். அதில் கடல் உயிர்கள் இல்லை. கடல் பின்வாங்கி ஆறுகள் வந்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் வெளிறிய மணற்கல் படுகை ஒன்று தெரியும். அது கிடைத்தால் வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் போட அதைவிட நல்ல இடம் இல்லை.

இப்படிப் பார்த்ததை எழுதும்போது, கண்டதையும் கருதுவதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். இடப்பக்கத் தாளில் படமும் அளவுகளும், வலப்பக்கத் தாளில் விவரணையும், பக்கத்தின் அடியில் கோடு போட்டுப் பிரித்து உங்கள் கருத்தும் இருக்கட்டும். 'இது டக்ஷாய்' என்று எழுதுவதற்கு முன், நிறம், துகள்களின் அளவு, படுகையின் தடிமன், அமிலத்துக்கு நுரைக்கிறதா இல்லையா என்பதை எழுதிவிடுங்கள். பெயர் நாளை மாறலாம், விவரணை மாறாது. சோலனைச் சுற்றிய க்ரோல் பாறைகளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சுண்ணாம்புக்கல் அமிலம் பட்டதும் பொங்கும், பார்வைக்கு அதைப் போன்ற டோலமைட் என்ற பாறை பொங்காது; கத்தியால் சுரண்டிய தூளில் விட்டால்தான் மெல்ல நுரைக்கும். சுரண்டிப் பார்க்காமல் எழுதியவர்களின் வரைபடத்தில் அந்த எல்லை எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

படுகையின் அளவு எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாய்ந்த படுகைத் தளத்தில் கிடைமட்டமாக ஓடும் கோட்டின் திசை ஸ்ட்ரைக்; அதற்குச் செங்குத்தாகத் தளம் கீழே இறங்கும் கோணமும் பக்கமும் டிப். தண்ணீரைத் தளத்தின்மேல் விட்டால் அது ஓடும் வழிதான் டிப்பின் திசை. சந்தேகம் வரும்போதெல்லாம் இதைச் செய்து பார்க்கலாம். பாறை முகம் மேடு பள்ளமாக இருந்தால் குறிப்பேட்டின் அட்டையைத் தளத்தின்மேல் அழுத்தி வைத்து, அட்டையின்மேல் அளவெடுங்கள். திசையை எப்போதும் மூன்று இலக்கத்திலும் சாய்வை இரண்டு இலக்கத்திலும் எழுதினால் இரண்டும் குழம்பாது: 045 என்றால் திசை, 45 என்றால் சாய்வு. ஒரே இடத்தில் மூன்று அளவுகள் எடுங்கள்; மூன்றும் ஐந்து பாகைக்குள் ஒத்துவந்தால்தான் வரைபடத்தில் ஏற்றுங்கள்.

நான் மாணவனாகப் போன முகாமில், களைப்பினால் சுத்தியலை மடியில் கிடத்திக்கொண்டே ஒரு பிற்பகல் முழுவதும் அளவெடுத்தேன். பதினொரு அளவுகள், எல்லாவற்றிலும் ஊசி இரும்பின் பக்கம் இழுபட்டிருந்தது. மாலையில் வரைபடத்தில் ஏற்றியபோது, எங்குமே இல்லாத ஒரு மடிப்பு அங்கே முளைத்தது. மறுநாள் நான்கு கிலோமீட்டர் திரும்ப நடந்து அந்தப் பதினொன்றையும் மறுபடி எடுத்தேன். இன்று சுத்தியலோடு, காந்தம் வைத்த கைப்பேசி உறைகளும் அதே வேலையைச் செய்கின்றன. அளவெடுக்கும்போது இரண்டையும் பையில் வைத்து, பையைச் சில அடி தள்ளி வையுங்கள்.

இந்த மலைகளில் படுகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதோடு, அது நேராக இருக்கிறதா, தலைகீழாகப் புரண்டிருக்கிறதா என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். மணற்கல்லில் அலைத் தழும்புகளின் கூரான முனை எந்தப் பக்கம் நிற்கிறது, படுகைக்குள் சாய்வாக ஓடும் குறுக்குப் படுகைக் கோடுகள் எந்த முனையில் வெட்டுப்பட்டிருக்கின்றன, சேற்று வெடிப்புகள் எந்தப் பக்கம் அகலமாக இருக்கின்றன என்று தேடுங்கள். வெட்டுப்பட்ட பக்கமும் அகலமான பக்கமும் படிந்த காலத்து மேற்பக்கம். கசௌலி, டக்ஷாய் மணற்கற்களில் இவை கிடைக்கும். கிடைத்த இடத்தையெல்லாம் வரைபடத்தில் அம்புக்குறியிட்டு வைத்தால், பிற்பாடு குறுக்குவெட்டுப் படம் வரையும்போது மடிப்பின் வடிவத்தை அந்த அம்புகளே சொல்லிவிடும்.

சோலன் அருகே பழைய க்ரோல் தொகுதிப் பாறைகள் இளைய சுபாத்து பாறைகளின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இப்படி ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றின்மேல் தள்ளப்பட்டு ஏறிய பிளவே தள்ளுப்பிளவு. அதைச் சிலர் க்ரோல் தள்ளுப்பிளவு என்றும், சிலர் முதன்மை எல்லைத் தள்ளுப்பிளவின் பகுதி என்றும் குறிக்கிறார்கள். எந்தப் பெயரைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை ஆசிரியரிடம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளவின் தளம் கோடு கிழித்ததுபோல எங்கும் தெரியாது. நொறுங்கி மாவான களிப்பாறை, சிறு சிறு லென்ஸ் வடிவத் துண்டுகள், வரிசையாக நீரூற்றுகள், சட்டென்று மாறும் மண்ணின் நிறம் ஆகியவற்றை வைத்துத்தான் அதைப் பிடிக்க முடியும். பார்த்த இடத்தில் முழுக்கோடு, மண்ணும் புதரும் மூடிய இடத்தில் விட்டுவிட்டுப் போடும் கோடு என்ற வேறுபாட்டை மிக நேர்மையாகக் கடைப்பிடியுங்கள். முழுக்கோடு முழுவதும் நிறைந்த வரைபடத்தைவிட, எங்கே தெரியவில்லை என்று காட்டும் வரைபடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

பாதுகாப்பில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்கா–சிம்லா நெடுஞ்சாலையை அகலப்படுத்த வெட்டிய சரிவுகளில் பாறை அழகாகத் தெரியும். ஆனால் அங்கே கல் உருள்வது அன்றாடம். ஒருவர் சாலையையும் ஒருவர் மேற்சரிவையும் பார்த்துக்கொண்டு நின்றால்தான் மற்றவர்கள் வேலை செய்யலாம். கல் பெயர்ந்தால் 'கல்!' என்றும் 'பத்தர்!' என்றும் இரண்டு மொழியிலும் கத்துங்கள். கீழே புல்லறுப்பவர்கள் இருப்பார்கள். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கக் கூடாது. எஃகுத் துணுக்கு கண்ணில் தெறிக்கும். 1903-இல் திறக்கப்பட்ட சிறு ரயில்பாதை பாறையை ஒட்டியே போவதால் தண்டவாளத்தில் நடந்து போகத் தோன்றும். அது சட்டப்படி குற்றம், சுரங்கங்களும் குறுகலானவை. பைன் காட்டில் உதிர்ந்த ஊசியிலைகள் சரிவில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். பாதத்தைப் பக்கவாட்டில் பதித்து இறங்குங்கள். அதே இலைகள் கோடையில் எளிதில் தீப்பற்றும் என்பதால் புகை கண்டால் அன்றைய வழியைக் கைவிடுங்கள். ஓடையோரம் வளரும் 'பிச்சு பூட்டி' என்ற செடி பட்டால் நம்மூர்ச் செந்தட்டியைப் போல எரியும். பிற்பகலில் இடி கேட்டதும் முகட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். ராணுவக் குடியிருப்புகளில் படம் எடுப்பதும் சுத்தியல் பிடித்து அலைவதும் கேள்விக்குள்ளாகும்; அடையாள அட்டையும் துறைத்தலைவரின் கடிதமும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

குழு வேலையில் நான் பலமுறை பார்த்து வருந்தும் ஒரு பழக்கம் உண்டு. நான்கு பேர் குழுவில் வலுவானவர் சுத்தியலையும் வேகமானவர் திசைகாட்டியையும் எடுத்துக்கொள்ள, கையெழுத்து அழகாக இருக்கும் மாணவியிடம் குறிப்பேடு போய்விடும். முகாம் முடியும்வரை அவர் எழுதிக்கொண்டே இருப்பார். பிறகு பாறை முன் நடக்கும் வாய்மொழித் தேர்வில் அவரால் ஓர் அளவும் எடுக்க முடியாது. ஆகவே தினமும் பொறுப்பை மாற்றுங்கள். குறிப்பேடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

மாலையில் முகாமுக்குத் திரும்பியதும், குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் பிறகு, உறங்குவதற்கு முன் அன்றைய பென்சில் கோடுகளுக்கு மை பூசுங்கள். அன்று நடந்த வழியில் பாறை தெரிந்த துண்டுகளை மட்டும் வண்ணமிட்டு, தெரியாத இடத்தை வெள்ளையாக விடுங்கள். குறுக்குவெட்டுப் படத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காமல் மூன்றாம் நாளிலிருந்தே தோராயமாக வரைந்துவாருங்கள். படம் கீழே பொருந்தாத இடம்தான் நாளை போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆசிரியர் மேசையைச் சுற்றி வரும்போது கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் 'இந்தக் கோட்டின்மேல் எங்கே நின்றாய்?' என்பதாகத்தான் இருக்கும். அந்த இடத்தின் எண்ணைச் சொல்லிக் குறிப்பேட்டின் பக்கத்தைத் திறந்துகாட்ட முடிய வேண்டும்.

கடைசி இரண்டு நாட்களைச் சிம்லாவுக்கு ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். அங்கே அதிகம் மாறாத சிம்லா ஸ்லேட் பாறைகள் கீழே இருக்க, அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய ஜுட்டோக் பாறைகள் ஜாக்கு மலையின் உச்சியில் இருக்கின்றன. ஆழத்தில் வெந்தது மேலே, வேகாதது கீழே. ஏறும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் அப்பிரகத் தகடுகள் பெரிதாகிக்கொண்டே வருவதையும், கார்னெட் மணிகள் தோன்றுவதையும் உயரத்தோடு சேர்த்துக் குறித்துவைத்தால், பாடப்புத்தகத்தில் தலைகீழ் உருமாற்றம் என்று படித்தது உங்கள் கையெழுத்திலேயே ஒரு பட்டியலாக நிற்கும்.

மாதிரிகளைக் கைப்பிடியளவில் இரண்டிரண்டாக எடுத்து, கல்லின்மேலேயே அழியாத மையால் எண் எழுதி, பையின்மேலும் அதே எண்ணை எழுதிக் கட்டுங்கள். திரும்பும் ரயிலில் இரண்டு பகல் கிடைக்கும். படம் வரைய வண்டியின் ஆட்டம் விடாது; ஆனால் மாதிரிகளின் எண்களையும் குறிப்பேட்டின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். எண் விட்டுப்போன கல் ஒன்றாவது எப்படியும் இருக்கும். அதை உடைத்தெடுத்தபோது பக்கத்தில் நின்றவர் எதிர் இருக்கையிலேயே இருக்கும்போது கேட்டு எழுதிவிடுங்கள்.